எந்த ‘நெறஞ்சிருக்கு’?

கொரோனாவுக்கு நின்றுபோன செங்கோட்டை ரயில் மறுபடி ஓட ஆரம்பித்தது. அதற்கப்புறம் இரண்டு ஐப்பசி போயிற்று. மூன்றாவது ஐப்பசியில் கண்மாய் மறுகால் பாய்ந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீர் வடிந்து, சுவரில் சேற்றுக்கோடு ஈரம் காயாமல் இருந்த வாரத்தில்தான் இது நடந்தது. தேதி கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

எனக்குப் படிப்பு கிடையாது. பேரை மட்டும் படம் வரைகிற மாதிரி வரைவேன். பக்கத்து வீட்டில் ரிடையர் ஆன டீச்சர் ஒருவர் இருக்கிறார். நான் சொல்லச் சொல்ல அவர்தான் எழுதுகிறார். என் பேச்சைப் புத்தகத் தமிழாக்கிக்கொள்கிறார். ஆனால் ஆட்கள் பேசியதைப் பேசினபடியே விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஏனென்றால் இந்தக் கதையில் ஒரு பேச்சுதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

நான் முதலில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், பஞ்சைப் பிரித்து ஊதுகிற ரூமில் வேலை பார்த்தேன். முப்பது வருசத்துக்கு மேல். பஞ்சை அழுத்திக் கட்டின மூட்டையைப் பேல் என்போம். பேல் வண்டி வந்தால் எத்தனை பேல் இறங்கியது, எந்த வண்டி, டிரைவர் யார், எதில் கயிறு அறுந்திருந்தது என்று மேஸ்திரி கேட்பார். சீட்டில் எழுதத் தெரியாததால் எல்லாவற்றையும் மண்டையில் வைத்துச் சொல்வேன். ஒருமுறை ஆடி மாதம், வண்டி வந்து ஒன்பது நாள் கழித்து, ஒரு பேல் குறைகிறது என்று மேஸ்திரி என்மேல் பாய்ந்தார். “தார்ப்பாய் கிழிஞ்ச வண்டியில பின்னால ஓரத்துல இருந்தது நனைஞ்சிருந்துச்சு, நீங்கதான் தனியாப் போடச் சொன்னிய” என்றேன். போய்ப் பார்த்தால் அங்கேதான் கிடந்தது. அதுமுதல் என்னை ‘நோட்டு’ என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பேரில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இப்போது அதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பஞ்சுத் தூசி நெஞ்சில் ஏறி மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மில்லை விட்டேன். ஊருக்கு வெளியே ஒரு பேண்டேஜ் கம்பெனியில் கேட் வாட்ச்மேனாகச் சேர்ந்தேன். பேர் வேண்டாம். பெரிய கம்பெனி இல்லை. புண்ணுக்குக் கட்டுகிற துணியை நெய்து, வெளுத்து, வெட்டி, மடித்து, காகித உறைக்குள் போட்டு, பெரிய இரும்பு மெஷினுக்குள் அடுக்கி நீராவியில் வேகவைப்பார்கள். அதில்தான் கிருமி சாகும். அப்படி இரண்டு மெஷின். ஒண்ணாம் மெஷின், ரெண்டாம் மெஷின். வெந்த துணியை அட்டைப்பெட்டியில் கட்டி அனுப்புவார்கள். கேட்டைத் தாண்டுகிற பெட்டி ஒவ்வொன்றையும் பார்த்து அனுப்புவது என் வேலை.

முன்னாலெல்லாம் எந்தத் துணி எந்த மெஷினில் வெந்தது, எத்தனை டிகிரி ஏறியது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனது என்று கணக்கர் நீள நோட்டில் எழுதுவார். சரக்கு எடுக்கிற வெளிநாட்டு ஆட்கள் வந்து பார்த்துவிட்டு நோட்டு செல்லாது, எல்லாம் கம்ப்யூட்டரில் வேண்டும் என்றார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்ப்பா, ஒம்மக மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேலதான பாத்தா? இப்ப வீட்டுலதான இருக்கா?”

“ஆமா மொதலாளி. ஊரடங்குல வந்தவ, திரும்பிப் போகல.”

“வரச் சொல்லு.”

அப்படித்தான் என் மகள் அந்தக் கம்பெனி வேலைக்கு வந்தாள். வந்தாள் என்றால், ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு உள்ளறையில் உட்கார்ந்தபடியே வேலை. நான் காலையில் டவுன் பஸ் பிடித்து ராஜபாளையம் போவேன். அவள் அங்கே நடப்பதை இங்கிருந்தே பார்ப்பாள். ஒரே கம்பெனியில் ஒரு வீட்டில் இரண்டு பேர். அவளுக்கு வயது முப்பத்துநாலு. கல்யாணம் ஒன்று நடந்து, முறிந்து போனது. அது வேறு கதை.

அவள் என்ன வேலை செய்கிறாள் என்று நான் விடாமல் கேட்பேன்.

“கிளவுட்டுல வச்சிருக்கோம்ப்பா” என்றாள்.

“கிளவுட்னா மேகந்தானட்டி? மழ பேஞ்சா கணக்கெல்லாம் கரைஞ்சிராதா?”

“எப்பா, காமெடி பண்ணாதிய. ஒரு ஊர்ல பெரிய கட்டடத்துல மெஷினா அடுக்கி வச்சிருக்காவ. அதுல நமக்கு ஒரு எடம். அம்புட்டுதான்.”

“எந்த ஊரு?”

“மும்பைன்னு போட்டிருக்கு.”

“நீ போயிப் பாத்தியா?”

“யாரும் போயிப் பாக்கறதில்ல. நான் இங்கருந்து எழுதுனா அது கேக்கும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குச் செய்து காட்டினாள். கறுப்புத் திரையில் பத்துப் பதினைந்து வரி எழுதியிருந்தாள். அதுதான் புரோகிராமாம். ‘எனக்கு ஒரு டேட்டாபேஸ் வேண்டும், இந்த அளவில், இந்தப் பேரில், இன்ன பூட்டுப் போட்டு’ என்று அதில் எழுதியிருக்கிறதாம். “அமுக்குங்கப்பா” என்றாள். நான்தான் பட்டனை அமுக்கினேன். ஒரு டீ குடிக்கிற நேரத்தில் மும்பையில் அந்த இடம் தயாராகிவிட்டது. இன்னொரு வரியை ஓட்டினாள். கம்பெனிக்கு அங்கே இருக்கிற டேட்டாபேஸ்களின் பேரெல்லாம் வரிசையாக வந்தது. இன்னொரு வரியை ஓட்டினாள். நான் உண்டாக்கியது போய்விட்டது. அதற்கும் அதே டீ குடிக்கிற நேரம்தான்.

“ஏட்டி, கட்டறதும் இடிக்கறதும் ஒரே நேரமா?”

“இது சும்மா சோதனைக்கு வச்சதுப்பா. காலையில கட்டிச் சாயந்தரம் இடிச்சிருவேன். இடிக்கு முன்னால ‘கடைசியா ஒரு படி எடுத்து வைக்கவா?’ன்னு கேக்கும். சோதனைக்கு எதுக்குப் படி, வேண்டாம்னு புரோகிராமுலயே எழுதி வச்சிட்டேன்.”

டேட்டாபேஸ் என்றால் என்ன என்பதை அவள் எனக்குச் சொன்னது இப்படி. ஒரு கட்டத்தில் லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் வெந்த துணிக்கெல்லாம் ஒரே நம்பர். இன்னொரு கட்டத்தில் மெஷின் நம்பரும் எவ்வளவு சூடு ஏறியது என்பதும். மூன்றாவதில் யாருக்குப் போனது என்பது. மூன்றுக்கும் நடுவே உறவு வைத்திருக்கிறது. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்ற இரண்டும் கூடவே வரும். கலியாண வீட்டில் ஒரு ஆளை விசாரித்தால் அவன் மாமன், மச்சான் எல்லாம் வந்து நிற்கிற மாதிரி என்று நான் சொன்னேன். சிரித்தாள்.

இன்னொன்றும் சொன்னாள். அதை நான் அப்போது சரியாகக் காதில் வாங்கவில்லை. வீட்டில் இருந்தபடி அவள் டேட்டாபேஸை உண்டாக்கலாம், பெரிதாக்கலாம், அழிக்கலாம். ஆனால் அதற்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டிலிருந்து பார்க்க முடியாது. களவு போகாமலிருக்க, கம்பெனிக்குள் இருக்கிற கம்ப்யூட்டரிலிருந்து மட்டும்தான் உள்ளே பார்க்கும்படி பூட்டு வைத்திருந்தாள். வீட்டை இடிக்க அவளால் முடியும், கதவைத் திறந்து எட்டிப் பார்க்க முடியாது. உள்ளே பார்க்க வேண்டுமானால் கம்பெனியில் கம்ப்யூட்டரில் உட்காருகிற செட்டியார்பட்டிப் பெண்ணுக்குப் போன் போடுவாள். அந்தப் பெண் பார்த்துச் சொல்லுவாள்.

வெள்ளத்துக்குச் சற்று முன்னால் பழைய டேட்டாபேஸ் போதவில்லை என்று என் மகள் புதிதாக ஒன்று உண்டாக்கி, பழசில் அன்றுவரை இருந்ததையெல்லாம் அதில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இனிமேல் வருகிறதெல்லாம் புதுசில்தான் எழுத வேண்டும். அதற்கு இரண்டு மெஷினுக்கும் பக்கத்தில் இருக்கிற கம்ப்யூட்டர்களில் விலாசத்தை மாற்ற வேண்டும். செட்டியார்பட்டிப் பெண் ஒண்ணாம் மெஷினில் மாற்றினாள். ரெண்டாம் மெஷினுக்குப் போவதற்குள் கரண்டு போயிற்று. அன்றைக்குத்தான் மழை பிடித்தது. மறுநாள் அவள் வீட்டுக்குள் தண்ணீர். அம்மாவையும் சாமான்களையும் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனவள் பல நாள் வேலைக்கு வரவில்லை. ரெண்டாம் மெஷின் பாட்டுக்குப் பழைய இடத்திலேயே எழுதிக்கொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியாது.

இப்போது அந்தப் பேச்சுக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து வீடுகளில் ஒரு பொருள் தீர்ந்துபோனால் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள். ‘நெறஞ்சிருக்கு’ என்பார்கள். அரிசிப் பானையை வழித்துவிட்டு “அரிசி நெறஞ்சிருக்கு, வாங்கிட்டு வாங்க” என்பாள் என் பெண்டாட்டி. உப்பு நெறஞ்சிருக்கு, எண்ணெய் நெறஞ்சிருக்கு. ‘இல்லை’ என்று வாயால் சொன்னால் இல்லாமலே போய்விடும் என்று பயம். அவள் இதில் ரொம்பக் கண்டிப்பு. மகள் ஏழெட்டு வயதில் ஒருமுறை “அம்மா, சீனி காலி!” என்று கத்தியதற்கு உதட்டில் ஒன்று வைத்தாள். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகும் எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் போகவில்லை. என் மகளும் நானும் பேசும்போது ‘நெறஞ்சிருக்கு’ என்றால் தீர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம். வெளியே நான் பேசும்போது அப்படி இல்லை. பஸ் நெறஞ்சிருக்கு என்றால் நெறஞ்சிருக்கு.

தண்ணீர் வடிந்த வாரம். மத்தியானச் சாப்பாட்டு நேரம். எல்லோரும் தூக்குவாளியைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கேட்டில் எனக்குப் போன் வந்தது. என் மகள்.

“எப்பா, அந்தப் புள்ள இன்னும் வரலயா?”

“இல்லயே. அவிய வீட்டுல சேறு அள்ளிக்கிட்டுக் கெடக்காவளாம்.”

“மொதலாளி காலையிலருந்து மூணு வாட்டி கேட்டுட்டாரு. பழச இன்னும் மூடலியா, ரெண்டு இருந்தா கொழப்பம்ங்காரு. நீங்க செத்த உள்ள போயி ஒண்ணு பாத்துச் சொல்லுவியளா?”

“எனக்கு என்னட்டி தெரியும் அதுல?”

“படிக்க வேண்டாம்ப்பா. அந்தப் புள்ள உக்காரற கம்ப்யூட்டரு, கரண்டு வந்ததும் தானாத் தெறந்துக்கும். பச்ச ஓரம் போட்ட கட்டம், அதுதான் பழசு. விலாசம் மாத்தின நாளுக்குப் பொறவு எழுதினது மட்டும் அதுல தெரியும். அதுல வரி ஏதும் கெடக்கா, இல்ல வெறுங்கட்டமா இருக்கான்னு மட்டும் பாருங்க.”

போனேன். போனைக் காதில் வைத்தபடியே போனேன். பச்சை ஓரம் போட்ட கட்டம் இருந்தது. அதில் மேலிருந்து கீழ் வரை எறும்பு போகிற மாதிரி வரிகள்.

“பாத்தியளா?”

“பாத்தேன்.”

“எப்பிடி இருக்கு?”

“நெறஞ்சிருக்குத் தாயி.”

“நெறஞ்சிருக்கா? சரிப்பா. நீங்க போயிச் சாப்பிடுங்க.”

நான் போய்ச் சாப்பிட்டேன். அன்றைக்கு என்ன குழம்பு என்பதுகூட நினைவிருக்கிறது. சுண்டைக்காய் வத்தல் குழம்பு. சாப்பிட்டு நான் கை கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் சோதனைக்கு வைத்திருந்த அதே புரோகிராமில் பழைய டேட்டாபேஸின் பேரைப் போட்டு ஓட்டிவிட்டாள். அழிக்க விடாமல் போட்டிருந்த பூட்டை முதலில் எடுத்தாள். ‘கடைசிப் படி வேண்டாம்’ என்கிற வரி அதில் இருந்ததை அவள் அன்றைக்கு நினைக்கவே இல்லை.

அதற்கப்புறம் எட்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. ரெண்டாம் மெஷின் கம்ப்யூட்டரில் சிவப்பாக ஏதோ வந்துகொண்டிருந்தது, அதைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவள் வீட்டில் சேறு அள்ளிக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் மதுரையிலிருந்து மெஷின் மெக்கானிக் வந்தார். ரெண்டாம் மெஷின் கதவைச் சுற்றியிருக்கிற ரப்பரைக் கையால் தடவிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் நின்றார். சுண்டுவிரல் உள்ளே போனது. “எத்தன நாளா இப்பிடி ஓட்டுதிய?” என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. உள்ளே ஆவி சரியாகச் சேராமல் துணி வேகாமலே வெளியே வந்திருக்கும் என்றார். காகித உறைமேல் ஒட்டுகிற டேப்பில் சூடு பட்டால் கோடு கறுக்கும். வெளியே கறுத்திருந்தது. உறையைப் பிரித்துப் பார்த்தால், துணிக்கு நடுவில் வைத்த, கறுக்க வேண்டிய சோதனைக் காகிதம் வெளுப்பாகவே இருந்தது.

முதலாளி முகத்தில் ரத்தம் இல்லை. “எந்த எந்த லோடுல சூடு ஏறலைன்னு எடுங்க. அது யாருக்குப் போச்சுன்னு எடுங்க. இன்னிக்கே திருப்பி எடுக்கணும்” என்றார். அதற்காகத்தானே அந்தக் கம்ப்யூட்டர் எல்லாம்.

செட்டியார்பட்டிப் பெண் அன்றைக்கு வந்திருந்தாள். தேடினாள். “அண்ணாச்சி, புதுசுல ஒண்ணாம் மெஷின் மட்டுந்தான் இருக்கு. ரெண்டாம் மெஷின் பழசுலயே எழுதியிருக்கும் போல. நாந்தான் மாத்தாம விட்டுட்டேன். பழசுல பாத்துக்கலாம், ஒண்ணும் கெட்டுப்போகல” என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு என் மகளுக்குப் போன் போட்டாள். கொஞ்ச நேரத்தில் போனை என்னிடம் நீட்டினாள். “ஒங்களத்தான் கேக்காவ.”

“எப்பா.” குரல் அவள் குரலாக இல்லை. “அன்னிக்கு என்ன சொன்னிய?”

“என்னிக்கு?”

“பச்சக் கட்டத்தப் பாத்துட்டு என்ன சொன்னிய?”

“நெறஞ்சிருக்குன்னு சொன்னேன்.”

“எந்த ‘நெறஞ்சிருக்கு’ப்பா?”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. கேட்டில் நான் வழக்கமாக உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். மெட்ராஸ்காரி யாராவது கேட்டிருந்தால் நிறைய இருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருப்பாள். என் மகளாக இருந்ததால்தான் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டாள்.

மும்பை இடத்துக்காரர்களுக்கு அவள் எழுதிக் கேட்டாள். மூன்று முறை எழுதினாள். நீங்கள் சொன்னபடிதான் அழித்தோம், படியும் வேண்டாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள், திருப்பித் தர ஒன்றும் இல்லை என்று பதில் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்களாம்.

பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு முதலாளி லாரி அனுப்பி, எந்த லாட் என்று பார்க்காமல் எல்லாப் பெட்டியையும் திருப்பி எடுத்தார். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டிலேயே வந்து ஒன்றிரண்டு பெட்டி வாங்கிப் போகிற சின்ன ஆட்கள் உண்டு. அவர்கள் யார் என்பது ரெண்டாம் மெஷின் கட்டத்தோடு அழிந்துபோனது. அந்தப் பெட்டிகளில் ஏதாவது ஒன்றை யாராவது பிரித்து, யார் புண்ணிலாவது வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

“எப்பா, ஒங்களுக்கு நினைப்பு இருக்கும்லா?” என்றாள் மகள். “கேட்டுல எது போனாலும் நீங்கதான பாக்கிய.”

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றாக வந்தது. மழை பிடித்த அன்றைக்குச் சாயந்தரம், கன்னியாஸ்திரிகள் நடத்துகிற தர்ம ஆஸ்பத்திரி வேன். கண்ணாடியில் மாதா படம், இடது பக்க வைப்பர் கிடையாது. இரண்டு பெட்டி. மறுநாள், மம்சாபுரத்துக் கம்பவுண்டர். பஸ்ஸில் வந்தவர், ஒரு பெட்டியைத் தலையில் வைத்து மழைக்கு அதன்மேல் சாக்கைப் போர்த்திக்கொண்டு போனார். அதற்கடுத்த நாள், மொபெட்டில் ஒரு ஆள். ஒரு பெட்டி. மூன்று பேர், நாலு பெட்டி. பேக்கிங் பெண்கள் ரெண்டாம் மெஷின் பெட்டிகளில் நீல ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டு 2 என்று எழுதுவார்கள். நாலிலும் அது இருந்தது. எனக்குத் தெரிந்த எழுத்தில் அதுவும் ஒன்று.

“வத்து, வத்து” என்றார் முதலாளி. பதட்டம் வந்தால் அவருக்குத் தெலுங்குதான் வரும். வேண்டாம் என்று அர்த்தம். “நீங்க போயி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஒளறாதிய. நான் ஆள் விட்டுப் பாத்துக்கிடுதேன்.”

ஆள் விடவில்லை. இரண்டு நாள் பார்த்துவிட்டு நானும் மகளும் கிளம்பினோம்.

தர்ம ஆஸ்பத்திரியில் இரண்டு பெட்டியும் பிரிக்காமல் அலமாரி மேலே இருந்தன. வயதான சிஸ்டர் ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறித் தானே இறக்கிக் கொடுத்தார். “கர்த்தர்தான் பழைய ஸ்டாக்க மொதல்ல தீக்கச் சொன்னாரு” என்றார். என் மகள் அங்கே வாசல்படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். நல்லபடியாக முடியும் என்று நினைத்த ஒரே நாள் அது.

மம்சாபுரத்தில் கம்பவுண்டர் கடையில் பெட்டி பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.

“எத்தன பேருக்குக் கட்டுனிய?” என்று மகள் கேட்டாள்.

“அது யாரு கணக்கு வச்சா? வந்தவங்களுக்கெல்லாம் கட்டுனேன். என்ன இப்ப?”

“யாருக்காவது புண்ணு சீழ் வச்சுச்சா?”

அவர் என்னைப் பார்த்தார். “வயல்ல மம்பட்டி வெட்டுப்பட்ட ஒரு ஆளுக்கு வச்சுச்சு. மதுரைக்குக் கொண்டுபோயி முழங்காலுக்குக் கீழ எடுத்துட்டாவ. ஆனா அவன் சர்க்கரைக்காரன்யா. சர்க்கரைக் காலு. சும்மா கட்டுனாலும் அதுதான் ஆகும். ஏங்கடை மேல பழியப் போடாதிய.”

சர்க்கரையா, துணியா என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாதாம். நாலைந்து டாக்டர்களிடம் என் மகள் கேட்டுவிட்டாள்.

அந்த ஆள் வீட்டைக் கேட்டுக்கொண்டு போனோம். நான் வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை. கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைவிட இருபது வயது சின்னவர். அவர் சம்சாரம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் மகள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். மெஷின், ரப்பர், கம்ப்யூட்டர், தான் அழித்தது, நான் சொன்ன சொல் உட்பட. சம்சாரத்துக்குப் பாதி புரியவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

“கம்ப்யூட்டர்ல காணாமப் போயிட்டா?” என்றார். “அப்பிடித்தான் தாயி. எங்காலும் நேத்து இருந்துச்சு, இன்னிக்கு இருந்த எடமே தெரியல. அதத் தேடிக் குடுக்க ஒம் புரோகிராமுல ஒரு வரி இருக்கா?”

சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் சம்சாரம், “பேசாம இருங்க, புள்ள நேருல வந்து சொல்லுதுல்லா” என்று அதட்டினார். அதுவும் எங்களைக் காப்பாற்றவில்லை. என் மகள் தண்ணீரைக் குடிக்காமலே டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

நாங்கள் ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறோம் என்பது முதலாளி காதுக்குப் போனது. இரண்டு பேரும் இனி வர வேண்டாம் என்று செட்டியார்பட்டிப் பெண் மூலமாகச் சொல்லி அனுப்பினார். அவள் அழுதுகொண்டே சொன்னாள். போவதற்கு முன் என் மகள் அந்தப் புரோகிராமைத் திருத்தி அவளிடம் கொடுத்தாள். இனி எதையாவது அழிக்க வேண்டுமானால் அதன் முழுப்பேரையும், உள்ளே எத்தனை வரி இருக்கிறது என்கிற எண்ணையும் கம்பெனிக்குள்ளிருந்து ஒருத்தர் கையால் அடித்தால்தான் நடக்கும். கடைசிப் படி எடுக்காமல் நகராது. வாய்ப்பேச்சுக்கு அதில் இடம் இல்லை.

வீட்டில் இப்போது அரிசி தீர்ந்தால் “அரிசி இல்ல” என்றுதான் சொல்கிறாள். முதல் தடவை அப்படிச் சொன்னபோது என் பெண்டாட்டி அடித்த அடி நினைவுக்கு வந்தது. போய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மிச்சம் இருப்பது மொபெட் ஆள்.

அவரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிவப்பு மொபெட், பின் மட்கார்டு இல்லை. நாற்பது வயது இருக்கும். மழைக்குத் தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்திருந்தார். பெட்டியை முன்னால் கால் வைக்கிற இடத்தில் வைத்துக் கயிறு போட்டார். கயிறு போடும்போது கையைப் பார்த்தேன். இரண்டு புறங்கையிலும் தோல் மெழுகு உருகின மாதிரிப் பளபளவென்று இருந்தது. வெடி ஆபீஸில் நெருப்புப் பட்ட கைகள் அப்படித்தான் இருக்கும். பட்டாசு செய்கிற இடத்தை இங்கே வெடி ஆபீஸ் என்போம். “என்னய்யா, மழையில போறிய?” என்று கேட்டேன். “போயித்தான் ஆகணும்” என்றார். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. எல்லோரிடமும் கேட்கிறவன், அவரிடம் கேட்கவில்லை. மழை சாரல் கேட்டுக்குள் அடித்தது, சீக்கிரம் கதவைச் சாத்த வேண்டும் என்று இருந்தது.

பதினோரு மாதமாகத் தேடுகிறோம். வெடி ஆபீஸ் கேட்டுகளில் போய் நின்றால் வாட்ச்மேன்கள் உள்ளே விட மாட்டார்கள். நானும் வாட்ச்மேனாக இருந்தவன்தான், அவர்களைத் தெரியும். ஒருவர் மட்டும் முதலுதவி ரூமைத் திறந்து காட்டினார். அங்கே இல்லை. என் மகள் வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறுகிறாள். வேறு வேலைக்கு ஒரு இடத்தில் கூப்பிட்டார்கள். இது முடியட்டும் என்று சொல்லிவிட்டாள். தீக்காயத்தின்மேல் அந்தத் துணியை வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு டாக்டர் சொன்னதைக் கேட்டதிலிருந்து அவளுக்குச் சரியாகச் சாப்பாடு இறங்குவதில்லை.

பெட்டிமேல் ஐந்து வருசம் கெடாது என்று அச்சடித்திருக்கும். அதனால் அது எங்கேயாவது ஒரு அலமாரியில் பிரிக்காமலேயே இன்னும் இருக்கலாம்.

ஆகவே இதைப் படிக்கிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பழுப்பு அட்டைப்பெட்டி, இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம். பக்கவாட்டில் நீல மையில் வட்டம் போட்டு 2 என்று எழுதியிருக்கும். மழையில் மை கொஞ்சம் இழுகியிருக்கும். உள்ளே உறைமேல் இருக்கிற டேப்பில் கோடு கறுத்துதான் இருக்கும், அதை நம்ப வேண்டாம். வெடி ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், கிராமத்து டிஸ்பென்சரி, எங்கே பார்த்தாலும் அதைப் பிரிக்காதீர்கள். பிரித்திருந்தால் இனி யாருக்கும் கட்டாதீர்கள். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்து, வேகாத துணி என்று சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்கள் சாத்தூர்ப் பக்கம், சிவகாசிப் பக்கம், வெம்பக்கோட்டைப் பக்கம் இருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் என்றால் வாயால் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, என்ன புரிந்தது என்று அவர்களையே ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.